அவர் கேட்ட கேள்வி

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கணையப் புற்றுநோய் என்று சொன்னபோது என் கணவர் வெளியே உட்கார்ந்திருந்தார். "குடல் புண்ணுதானாம்ணே" என்று அவரிடம் சொன்னது கொழுந்தனார். அன்றிலிருந்து செக்காலையிலுள்ள எங்கள் வீட்டில், பிள்ளைகள் உட்பட எல்லோரும் அதையே சொன்னோம். பார்க்க வருகிறவர்களைக் கொழுந்தனார் வாசலில் மறித்து, என்ன பேச வேண்டும் என்று சொல்லித்தான் உள்ளே விடுவார்.

என் கணவரின் கண்கள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டார். மல்லாந்து படுத்தால் வலி முதுகைத் துளைக்கும். குனிந்து உட்கார்ந்து, சத்தம் வராமலிருக்கத் துண்டைக் கடித்துக்கொள்வார்.

வீட்டுக்கே வந்து வலிக்கு மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவைக் கேள்விப்பட்டு நான்தான் வரச்சொன்னேன். கொழுந்தனார் வாசல்நிலையில் கை வைத்து அவரை மறித்தார்.

"மதினி, சாகப்போறவுகளுக்குத்தான் இவுக வருவாக. அண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோகும்."

"வைத்தியம் நடக்குறப்பவே எங்களைக் கூப்பிடலாம்ங்க" என்றார் டாக்டரம்மா. "நோய் தீராட்டியும் வலியைக் குறைக்கலாம்ல?"

உள்ளேயிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "அவுகளை வரச்சொல்லுங்கப்பா."

டாக்டரம்மா பையைத் திறப்பதற்குள் அவரே கேட்டார். "என்ன நோயின்னு எனக்குத் தெரியும் டாக்டர். போறப்ப எப்படி இருக்கும்? ஒளிக்காமச் சொல்லுங்க."

டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாப்பாடு பிடிக்காது. தூக்கம் கூடும். காலு சில்லிடும். கடைசியில மூச்சு விட்டு விட்டு வரும். வலியோட விடமாட்டோம்."

கொழுந்தனார் எழுந்து வெளியே போய்விட்டார்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை என்றதும், அது அபின் மருந்தாயிற்றே என்று நானே தயங்கினேன். சிறு அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவோம் என்றார் டாக்டரம்மா. அன்று மாலை என் கணவர் காலை நீட்டிப் படுத்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு.

அந்த வாரமே, தான் மேற்பார்வை பார்த்த புதுவயல் அரிசி ஆலைக்கு ஆட்டோவில் போக வேண்டும் என்றார். நெல் அவியும் வாசனையில் நின்று, மூட்டை தூக்குகிறவர்களோடு டீ குடித்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதில் எது முதலில் வரும் என்றே மனம் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் அவர் விழிக்குமுன் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன்.

பிறகு ஒரு நாள் இட்லித் தட்டைத் தள்ளினார். பகலெல்லாம் தூங்கினார். ஒரு காலையில் பாதம் சில்லென்றிருந்தது. நான் போன் செய்ததும் டாக்டரம்மா வந்துவிட்டார்.

"நீங்க பேசுறது அவருக்குக் கேட்கும்" என்றார்.

கொழுந்தனார் தலைமாட்டில் குனிந்தார். "அண்ணே, பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன். பொய் சொல்லல."

அவர் விரல்கள் தம்பியின் கையை மெல்ல அழுத்தின.

மதியத்துக்குள் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. முகத்தில் வலி இல்லை. ஒரு மூச்சுக்குப் பின் அடுத்ததற்காகக் காத்திருந்தோம்; அது வரவில்லை. டாக்டரம்மா நாடியைத் தொடுவதற்கு முன்பே கொழுந்தனார் எழுந்துபோய், அண்ணனுக்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.