கல்ஃபானின் ஏபிஎஸ் விளக்கு

ஓமானின் இப்ரி ஊரில் எனக்கு வாய்த்த தலைவலி கல்ஃபான். மனைவி இறந்தபின் ஊருக்கு வெளியே ஆடுகளோடு தனியாக இருக்கிறார். இந்த மாதத்தில் நாலாவது தடவையாக, பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதென்று பழைய பிக்கப்போடு என் பட்டறைக்கு வந்தார்.

"போன வாரம்தானே சரிபண்ணினேன்! வண்டியை என்னதான் செய்றீங்க, மாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆடு ஒயரைக் கடிச்சிருக்கும், சஹ்ரான். நீ முதல்ல காபி வை."

அடியில் படுத்துப் பார்த்தேன். ஒயரில் பல் பட்ட தடமே இல்லை. பின்சக்கர சென்சாரின் பிளக் கழன்று தொங்கியது. அதில் அப்பியிருந்த தூசியில் இரண்டு விரல்களின் தடம்.

எழுந்து வந்தேன். "ஆடுதான்," என்றேன்.

"நான் சொல்லல?"

காபி ஊற்றினேன். இங்கே வழக்கப்படி, போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்கும்வரை அவர் ஆட்டவேயில்லை. நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் போனால் பட்டறையில் நானும் ரேடியோவும்தான்.

அவர் கிளம்புமுன் பிளக்கைச் சொருகினேன், விளக்கு அணைந்தது. அதன் பூட்டை மட்டும் அழுத்தவில்லை. மூட்டுவலிக்காரர், பூட்டினால் அடுத்த வாரம் கழற்றச் சிரமப்படுவார்.