லூசியனின் கல்லில் வைத்த சோறு

நன்றி சொல்வது சிவநேசத்துக்கு ஒரு வியாதி. பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநருக்கு ஒரு மெர்சி, இறங்கும்போது இன்னொன்று. அகதியாகக் கனடா வந்த முதல் மாரியில் ஜான்-டலோன் சந்தையில் தன் மரக்கறிக் கடையில் வேலை தந்து, தன் பழைய சப்பாத்தையும் கழற்றிக் கொடுத்த இத்தாலிய முதலாளிக்கு இன்றைக்கும் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பெட்டி வடை போகிறது. அந்தக் கடையில் இருபத்தெட்டு வருடம் பெட்டி இறக்கியதில் முதுகு தேய்ந்துவிட்டது. அந்த முதுகுக்கும் அவர் நன்றி சொல்லக்கூடியவர் என்பாள் மனைவி புஷ்பவதி.

அவரால் நேரில் நன்றி சொல்ல முடியாமல் போனவர் ஒருவர்தான். தகப்பனின் தகப்பன், அம்பலவாணர். மலாயாவில் புகையிரத நிலையத்தில் கிளாக் உத்தியோகம் பார்த்து, யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வீடு கட்டினார். சிவநேசம் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான். கட்டியவர் அதில் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் வந்து இறங்கினான். அவனுக்கு எண்ணெயும் ரப்பரும் வேண்டியிருந்தன, அவை மற்றவர்களின் நாடுகளில் இருந்தன, அந்த நாடுகளையும் வேறு ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்கள், சண்டைக்குக் காரணம் அவ்வளவுதான் என்று சிவநேசத்தின் தகப்பன் சொல்லுவார். படித்தவர்கள் இதையே ஐந்நூறு பக்கத்தில் எழுதுகிறார்கள்.

பிறகு சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அம்பலவாணரையும் கொண்டுபோனார்கள். காடு, காய்ச்சல், வாந்திபேதி. கூடப் போனவர்களில் திரும்பிய இரண்டொருவர், ஆள் போய்விட்டார் என்று மட்டும் வந்து சொன்னார்கள். எந்த இடம், எந்த நாள், எந்த மாதம் என்று எவருக்கும் தெரியவில்லை. நாள் தெரியாதவருக்கு எந்தத் திதியில் திவசம் செய்வது? ஆகவே ஆடி அமாவாசையில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சிவநேசம் கனடாவிலும் அதை விடவில்லை. அன்றைக்கு விரதம். கோயிலில் தர்ப்பணம் முடிய, வீட்டில் புஷ்பவதி சமைத்ததைப் படைத்து, ஒரு இலையில் காகத்துக்கு வைக்க வேண்டும். ஊரில் அன்றைக்குக் கட்டாயம் சமைக்கும் கசப்பான காத்தோட்டிக்காய் இங்கே கிடையாது, அதன் இடத்தில் பாகற்காய்ப் பொரியல். காகம் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிய பிறகு இதற்கும் ஒரு இடைஞ்சல் வந்தது. பறவைகளுக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் கடிதம் அனுப்பியது. சட்டத்தை மீறாத மனிதர் காகத்தைத் தேடி அலைந்து, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய மயானத்தைக் கண்டுபிடித்தார். அங்கே மேப்பிள் மரம் முழுக்கக் காகம்.

அந்த மரத்தடியில் ஒரு கல் இருந்தது. லூசியன் என்று ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு, கீழே 'ஹொங்கொங் 1941', அதற்குக் கீழே 1924, ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. சிவநேசம் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். அதே போர், அதே ஆண்டு, பிறந்த ஆண்டு தெரியும், செத்த நாள் தெரியாது. பாவம், அப்பப்பாவைப் போலவே இதுவும் கேட்பாரற்றுப் போன உயிர் என்று நினைத்தார். இலையை அந்தக் கல்லின் மேலேயே வைத்து, அம்பலவாணரையும் லூசியனையும் சேர்த்துக் கும்பிட்டார். காகம் உடனே வந்தது. அப்படியே ஆறு ஆடி அமாவாசை போனது.

ஏழாவது வருடம், கோவிட் ஓய்ந்த கோடையில், இலையோடு போனவர் கல்லில் பிளாஸ்டிக் உறை ஒன்று ஒட்டியிருக்கக் கண்டார். உள்ளே பிரெஞ்சில் ஒரு கடிதம். சந்தையில் கற்ற பிரெஞ்சு என்றாலும் வாசிக்கப் போதும்.

'இங்கே சோறு வைப்பவருக்கு. என் அப்பா உயிரோடு இருக்கிறார். பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாமென்று தன் கல்லைத் தானே முன்கூட்டி நட்டவர். ஜப்பானியச் சிறையில் மூன்றரை வருடம் ஒரு பிடி சோற்றில் பட்டினி கிடந்தவர். எங்கள் வீட்டுக்குள் அரிசி வந்ததே இல்லை. அவரை ஏன் இப்படிக் கேலி செய்கிறீர்கள்? அக்னெஸ்.'

கீழே ஒரு தொலைபேசி எண்.

சிவநேசம் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கேலி என்று அந்தப் பெண் நினைத்தது ஒருபக்கம் கிடக்கட்டும். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனைச் செத்தவனாக வைத்து ஆறு வருடம் படைத்திருக்கிறார். நம்மவர்களில் உயிரோடிருப்பவன் தன் பெயரைக் கல்லில் வெட்டினால் வீடே கூடி அழும். இங்கே அது சாதாரணம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்த மனிதனுக்கு இதற்குள் ஏதும் ஆகியிருந்தால் தன் கையால் கொன்றதுபோலத்தான் என்று எண்ணியபடி எழும்பி, காருக்கு நடந்தார்.

காரில் காத்திருந்த புஷ்பவதி விசயத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சீவனோட இருக்கிற மனுசனுக்கே படைச்சனீங்கள்?"

"ஓம். இப்பவே போய் மன்னிப்புக் கேக்க வேணும்."

"முதல்ல காகத்துக்கு வைச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போவம். காலமையில இருந்து பச்சைத்தண்ணி பல்லில படேல்ல."

இனி அந்த இடத்தில் இலை வைக்கத் தன் கை எழும்பாது என்று சொல்லிவிட்டார் சிவநேசம். தொலைபேசியில் அக்னெஸ் அதிகம் பேசவில்லை. லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தின் முகவரியைச் சொன்னாள். சாப்பாட்டுப் பாத்திரங்கள் பின் இருக்கையில் மணக்க, பாலத்தைக் கடந்து போனார்கள்.

எழுபது வயது மதிக்கக்கூடிய அக்னெஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே சக்கர நாற்காலியில் லூசியன். தொண்ணூற்றெட்டு வயது, ஒட்டிய கன்னம், தெளிந்த கண். ஆளை உயிரோடு கண்டதும் சிவநேசத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி எவருக்குச் சொல்வது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டார்.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கத்தரிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் அவரிடம் பிரெஞ்சுச் சொல் இருந்தது, தர்ப்பணத்துக்கு இருக்கவில்லை. இறந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள், அவர்கள் காகமாக வந்து சாப்பிடுவார்கள் என்றார். ஜப்பான்காரர் மலாயாவிலிருந்து கொண்டுபோன அப்பப்பாவுக்குக் கல்லும் இல்லை, நாளும் இல்லை என்றார். உங்களையும் அப்படி ஒருவர் என்று நினைத்துவிட்டேன், கேலி இல்லை, பெரிய பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

லூசியன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். பிறகு, மலாயாவில் ஜப்பானியர் இறங்கியது எந்த நாள் என்று கேட்டார். டிசம்பர் எட்டு என்றார் சிவநேசம். ஹொங்கொங்கில் எங்களுக்கும் அதே காலைதான் என்றார் கிழவர். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்த பதினேழு வயதுப் பையன் அவர். கப்பல் போய்ச் சேர்ந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. மலை மலையாகப் பின்வாங்கினார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை, நத்தார் அன்று சரணடைந்தார்கள். பிறகு முகாம், அங்கிருந்து ஜப்பானில் நிலக்கரி இறக்கும் வேலை.

சோற்றைத் தான் வெறுத்ததாக மகள் நினைத்திருக்கிறாள், தானும் திருத்தவில்லை என்றார். பக்கத்துப் பாயில் படுத்த இரண்டு பேர், ஒரே ஊர்ப் பையன்கள், பசியில் செத்தார்கள். சோற்றைக் கண்டால் அவர்கள் ஞாபகம் வரும், அவர்களை விட்டுவிட்டுச் சாப்பிடத் தொண்டை இடம் கொடுக்காது.

அக்னெஸ் கட்டிய கையை அவிழ்த்து, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இது அவளுக்கும் புதிது.

"அந்த இரண்டு பேருக்கும் இதுவரை யாரும் ஒன்றும் வைத்ததில்லை," என்றார் லூசியன். "உங்கள் தாத்தாவோடு அவர்களும் அந்த மரத்தடியில் சாப்பிட்டிருப்பார்கள். அதற்காக உங்களுக்கு நன்றி."

மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் கையைக் கூப்பினார்.

சாப்பாடு எங்கே என்று கிழவர் கேட்டார். காரில் இருக்கிறது, இன்றைக்குக் காகத்துக்கு வைக்கவில்லை, அது சாப்பிடாமல் இவரும் சாப்பிட மாட்டார், இருட்டப் போகிறது என்று புஷ்பவதி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முறைப்பாடு வைத்தாள். லூசியன் யன்னலைப் பார்த்தார். நாலாம் மாடி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு காகமும் இல்லை. சாப்பாட்டை மேலே கொண்டு வரும்படி சொன்னார்.

புஷ்பவதி மேசையில் இலையை விரித்து, சோறும் பருப்பும் பாகற்காய்ப் பொரியலும் வைத்தாள். லூசியன் கரண்டியை எடுத்தார். அப்பா வேண்டாம் என்று அக்னெஸ் அவர் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக அந்தக் கையை விலக்கி, ஒரு கரண்டி சோறு எடுத்து வாயில் வைத்தார். எழுபத்தேழு வருடத்துக்குப் பிறகு வைத்த சோறு. நெடுநேரம் மென்றார். விழுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையைச் சிவநேசத்தின் பக்கம் தள்ளினார்.

"உங்கள் தாத்தா சாப்பிட்டுவிட்டார்," என்றார். "இனி நீங்கள் சாப்பிடுங்கள்."

சிவநேசம் கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே இலையில் கை வைத்தார்.