ஜீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன்

எங்கள் ஜீப்பில் பிரேக் லைட் எரிந்ததே கிடையாது. பின்னால் வருகிறவனுக்கு நீ நிற்கப் போவது எப்படித் தெரியும் என்று கேட்டால், "என் மூஞ்சப் பாத்தா தெரியும்" என்பார் என் வீட்டுக்காரர். பின்னால் வருகிறவன் இவர் மூஞ்சியை எங்கே பார்ப்பான்? முன்னால் நின்று முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கே ஒன்றும் தெரிந்ததில்லை.

அது பழைய ராணுவ ஜீப். ஏலத்தில் போனதை யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, கடைசியில் வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்களை இவர் ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக் கம்பெனி கேட்டில் இறக்கிவிடுவார். எதிரே வாடகை ரூமில் இருக்கும் தெற்கத்திப் பெண்கள் ஐந்தாறு பேர். அவர்களோடு நானும். ஆதார் அட்டையில் என் வயது ஐந்து குறைச்சலாக விழுந்துவிட்டது. அந்தப் புண்ணியத்தில் இன்னும் கம்பெனி லைனில் நிற்கிறேன்.

என் வேலை, கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்ப்பது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தகராறு, நிறம் தகராறு இல்லை. பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒயரை நாலாவது ஓட்டையில் செருக வேண்டும். தள்ளு, டக்கென்று சத்தம் கேள், இழுத்துப் பார். பதினோரு வருஷம் இதுதான். என் கையில் ஒரு ரிஜெக்ட் வந்ததில்லை. ஒன்றிரண்டு வந்தது, அதை எதற்கு இங்கே சொல்வானேன்.

அவருக்குச் சர்க்கரை. பாதம் மரத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் வலது காலில் செருப்பில்லாமல் வீட்டுக்குள் வந்தார்.

"செருப்பு எங்கய்யா?"

"கால்ல தான் கீது."

குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கே அழுதிருக்க வேண்டும்.

பிறகுதான் ஒரகடம் சந்திப்பில் அது நடந்தது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. எங்கள் ஜீப் நிற்கவில்லை. மெதுவாகத்தான் இடித்தது, ஆனால் எங்கள் பின் சீட்டில் இருந்த ஒரு பெண்ணின் தாடை கம்பியில் மோதிக் கிழிந்துவிட்டது. துப்பட்டாவைத் தாடையில் அழுத்திக்கொண்டு அவள் இவரைத் தேற்றினாள்: "எனக்கு ஒண்ணுமில்ல தாத்தா, நீங்க பயப்படாதிய."

"பிரேக் புடிக்கல" என்றார் இவர். அதையே நாலு பேரிடம் சொன்னார்.

பென்னலூர் மெக்கானிக் வந்து, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டான். "பெரிம்மா, பிரேக்கு கல்லு மாதிரி கீது, ஒரு கொறையும் இல்ல."

'உன் கால்தான்யா' என்று நான் சொன்னால் இவர் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண்களைத் திரும்பவும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. மிதித்தால் எரிகிற பிரேக் லைட்டே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்குப் போடுகிற பிரேக் லைட் சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு முனையில் ஸ்பிரிங் இருக்கும். அதை பிரேக் மிதியின் தண்டில் மாட்டிவிட்டால், மிதி இறங்கும்போது ஸ்பிரிங் இழுபட்டு லைட் எரியும்.

"இன்னாமே திடீர்னு?"

"இனிமே பின்னால வரவன் உன் மூஞ்சத் தேட வேணாம்ல."

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஒயர் எல்லாம் ஒரே கறுப்பு.

"யாருய்யா இந்த வேல பண்ணது?"

"நாந்தான். அன்னிக்கிக் கடைல கருப்பு தான் இருந்துச்சு."

எது எங்கே போகிறது என்று கடவுளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, புதிதாக இரண்டு ஒயர் இழுத்தேன். ஃபியூஸிலிருந்து சுவிட்சின் ஒரு காலுக்கு சிவப்பு, மறு காலிலிருந்து பின்விளக்குக்குப் பச்சை. எங்கள் லைனில் நான் செருகும் அந்தப் பச்சை ஒயர் எங்கே போகிறது என்று சூப்பர்வைசரைக் கேட்டது போன மாதம்தான். பிரேக் லைட்டுக்காம். பதினோரு வருஷம் ஊருக்கெல்லாம் பிரேக் லைட் கொடுத்திருக்கிறேன், வீட்டு ஜீப் இருட்டாக ஓடியிருக்கிறது.

பின்விளக்கு அடியில் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். புது பல்பு போட்டேன். ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்தேன். பிறகு அவரை ஏறி உட்காரச் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"மிதிய்யா!"

"மிதிச்சுட்டேன்."

எரியவில்லை.

"நல்லா மிதி!"

"மிதிச்சுகினு தானேமே கீறேன். எரியுதா?"

"இல்ல."

"உன் ஒயரிங்கு அப்பிடி. நீ செஞ்ச வண்டிங்க எத்தினி நடுரோட்ல நிக்குதோ!"

எழுந்து முன்னால் போனேன். என் ஒயரிங் தப்பாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு போனேன். என் கைவேலை கெட்டுப்போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒருமுறைதான்.

அவர் கால் மிதிக்குப் பக்கத்தில், வெறும் தகரத் தரையில் இருந்தது. கெண்டைக்கால் நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் பிரேக் போடுகிற ஆளின் முகம்.

நான் குனிந்து கையால் மிதியை அமுக்கினேன். கொட்டகைச் சுவரில் சிவப்பு விழுந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இப்ப எரியுதே!"

"நான் அமுக்கினேன்யா. கையால."

என் கையைப் பார்த்தார்.

"அப்ப நான் இன்னாத்த மிதிச்சேன்?"

மிதிக்குப் பக்கத்தில் இருந்த அவர் காலைத் தொட்டுக் காட்டினேன்.

"தரைய" என்றேன்.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தூக்கி, மிதிமேல் வைத்து, அழுத்தினார். சுவர் சிவந்தது. விட்டார், அணைந்தது. திரும்ப அழுத்தினார். சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"எரியுது பாத்தியா? காலு நல்லாத்தான் கீது."

"காலையே பாத்துகினு மிதிச்சா, ரோட்ட யாருய்யா பாப்பா?"

எப்போதும் பேசுகிற மாதிரிதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"அந்தப் பொண்ணுக்குத் தாடைல எத்தினி தையலு?"

"நாலு."

அதற்கு மேல் மிதிக்கக் காலைத் தூக்கவில்லை. சாவியை எடுக்கக்கூட இல்லை. நான் இந்தப் பக்கம் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர் ரூம் பெண்கள் துணி காயப்போட வந்து எங்களைப் பார்த்து, "ஆச்சி, எங்க கெளம்பிட்டிய?" என்று கேட்டார்கள். சும்மா என்றேன். வெயில் இறங்குகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுவாரம் அவராகவே சொன்னார். "ஜீப்ப எவனாவது வாங்க வந்தான்னா சொல்லு, ஒயரிங்கு பண்ணது என் பொண்டாட்டினு. பயந்து ஓடிடுவான்."

மணிமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். இவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். இவர் சொல்லச் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வந்தவர் பயப்படவில்லை. ஏறி உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடியே மிதித்து, "எரியுதாம்மா?" என்று கேட்டார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். வீட்டுக்குள் கட்டில் கிறீச்சிட்டது. இவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"எரியுது" என்றேன்.