பயறு மட்டும் கேட்டவர்

பாறசாலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கஞ்சிக்கடை. ஒருவர் தினமும் காலையில் வருவார். சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம், அப்படித் தொங்கும். கஞ்சி வேண்டாம், பயறு மட்டும் போதும் என்பார். ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மெல்லுவார்.

பாவம், மெலிந்துபோன ஆள் என்று ஒருநாள் பயறின்மேல் நானாகவே கஞ்சியை ஊற்றிவிட்டேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் மக்கா செய்தே? கஞ்சி குடிச்சா பயறுக்கு எடம் இருக்காது."

"கஞ்சி குடிச்சாதானே அண்ணா ஒடம்பு தேறும்?"

"ஒடம்பு கொறையத்தான் ஆப்பரேஷன் செய்து வயித்தச் சின்னதாக்கினது. இப்போ புரோட்டீன் பத்தலேன்னு டாக்டர் ஏசுதாரு. முடி கொட்டுது, படி ஏறக் காலுக்கு பெலம் இல்ல."

"அப்போ பசிக்கும்போ நல்லா தின்னா போதுமே?"

"பசியே இல்லையாக்கும்."

பசியில்லாமல் தின்ன வந்த ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை. வேறு பயறு வைத்துக் கொடுத்தேன். மென்று மென்று தின்று தீர்த்தார்.

தின்றுவிட்டு எழும்புகிறவர்களிடம் "வயிறு நெறஞ்சுதா?" என்று கேட்பது என் வழக்கம். அவரிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.