பொரி போட ஆகாத கை

பகல் பதினொன்றரை மணிக்கு, எனக்குச் சம்பந்தி ஆகவிருந்தவர் வேலூர் லாங் பஜாரில் என் மகனைப் பார்த்துவிட்டார். அவர் மகனுக்கும் என் மகளுக்கும் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு மஞ்சளும் வெல்லமும் மொத்தமாக வாங்கக் காவேரிப்பாக்கத்திலிருந்து வந்தவர் அவர். என் மகன் ஒரு சாயபுவின் பூட்ஸ் கடையில் பலகை மேல் உட்கார்ந்து, ஒரு தபால்காரரின் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அவர் வாங்க வந்ததை வாங்காமல் ஜட்கா பிடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பூட்ஸ் கடையில இருக்கான்னீங்க. கால் புடிக்கிறான்னு சொல்லலியே."

பெண் பேசிய அன்றே கடை எது என்றுகூடச் சொல்லியிருந்தேன். அங்கே கணக்கு எழுதுகிறான் என்று அவராக எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் படிப்பை முடித்த பையன் தோலுக்குப் பக்கத்தில் வேறு எதற்கு உட்காருவான்? எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். நானே தோல் மண்டியில் கணக்கெழுதுகிறவன். மண்டியின் வாடை என் சட்டையை விட்டுப் போனதில்லை. அதற்காக எந்த வீட்டுப் பந்தியிலும் என்னை எழுப்பியதில்லை. சம்பந்தியின் தம்பியே சந்தை சந்தையாக ஆட்டுத்தோல் சேர்த்து, எங்கள் மண்டிக்குத்தான் வண்டி வண்டியாக அனுப்புகிறார். அவரை ஊரில் பெரிய மனிதர் என்கிறார்கள். தோலை விற்கலாம், எண்ணலாம், எழுதலாம், காலில் போட்டுக்கொண்டு கோயில் வாசல்வரை போகலாம். தைத்தால் மட்டும் தீட்டு.

மகனைத் தாலுகா கச்சேரியில் முதலில் சேர்த்துவிட்டது நான்தான். அங்கிருந்து மாலையில் வரும்போது காய்ச்சல்காரன் மாதிரி வருவான். சோறு இறங்காது. பிறகு ஒரு நாள் கச்சேரிக்குப் போவதாகச் சொல்லி அந்தக் கடைக்குப் போனான். அதன்பின் வீட்டில் அவன் வாய் ஓயவில்லை. தெருவில் யார் போனாலும் முகத்தைப் பார்க்கமாட்டான், காலைப் பார்ப்பான். "அவருக்கு இடது குதிகால் சாயுது நைனா. செருப்பு தைச்சவன் ரெண்டு காலையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டான்" என்பான். என் பிள்ளை எதற்காகப் பிறந்தானோ அது அவனுக்கு அகப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு எப்படித் தடுப்பது?

சம்பந்தி தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "கடைய வுடச் சொல்லுங்க. இல்லன்னா ஓமத்துல பொண்ணுக்குப் பொரி போட வேற கையப் பாருங்க. உங்க அண்ணன் மகன் போடட்டும். அதுவும் ஆவாதுன்னா பாக்கு வெத்தல திரும்பி வரும்" என்றார்.

கூடப் பிறந்தவன் இருக்கும்போது பெண்ணின் கையில் இன்னொருவன் பொரி போடுவதா? அவன் செத்தா போய்விட்டான்?

"உங்க மகன் என் பொண்ணு காலப் புடிச்சித்தானே அம்மி மேல வைக்கணும்? அப்புறம் அந்தக் கைய இன்னா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"சாஸ்திரம் வேற, சம்பாத்தியம் வேற" என்று சொல்லிவிட்டு, வாசலில் கழற்றியிருந்த பளபளக்கும் பம்ப் ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு போனார். அதை எவன் தைத்தான் என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவர் ஜட்கா திரும்பியதும் அவள் அழ ஆரம்பித்தாள். "நாள் குறிச்சாச்சி. ஊரெல்லாம் சொல்லியாச்சி. அவன ஒரு மாசம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன்" என்றாள். என் பெண் உள்ளிருந்து வந்தாள். அழவில்லை. "அண்ணன் போடாத பொரிக்கு நான் கை நீட்டமாட்டேன். எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல நைனா, கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றாள். மகன் கடையை விட்டால்தான் மகள் கல்யாணம் நடக்கும் என்று எவனோ வந்து எங்கள் கூடத்தில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான், பெற்றவன் நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

விளக்கேற்றும் நேரத்துக்கு மகன் வந்தான். சம்பந்தி கடை எதிரில் நின்று பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான். அவர் சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் அவன் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவன் பேசினான்.

"பெரியப்பா மகன் பொரி போடட்டும். நான் பந்தல்ல ஓரமா நின்னுக்கறேன். தங்கச்சிகிட்ட நானே சொல்றேன், என் பேச்சக் கேப்பா. கடைய மட்டும் வுடச் சொல்லாதீங்க நைனா. அதுவும் இல்லன்னா நான் யாருன்னு எனக்கே தெரியாது."