அமெரிக்காவுக்குப் போன ரேஷன் கார்டு

சென்ற மாதம் அமெரிக்க அரசாங்கத்துக்கு எங்கள் வீட்டு ரேஷன் கார்டை அனுப்பிவைத்தேன்.

அவர்கள் கேட்டார்களா? இல்லை. கூடவே வீட்டு வரி ரசீது, வாக்காளர் அட்டை, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ்... எல்லாம் அனுப்பினேன். ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள்!

சிரிக்காதீர்கள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் இரண்டு வருஷமாக பாட்காஸ்ட் நடத்துவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் அவ்வப்போது பீற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் – அது ஒரு மாதிரி ரேடியோ. நாமே பேசிப் பதிவு செய்து இன்டர்நெட்டில் போட்டுவிட வேண்டியது. வேண்டியவர்கள் இறக்கிக்கொண்டு, தோன்றும்போது கேட்பார்கள்.

என் நிகழ்ச்சி பேச்சுத் தமிழ்ப் பாடம். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்காக. இலக்கணம் எல்லாம் கிடையாது. உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்பது எப்படி? மாகறல் கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் பேரம் பேசுவது எப்படி? கல்யாணப் பந்தியில் 'போதும் போதும்' என்று கத்தியும் விழுகிற அடுத்த கரண்டி சாம்பாரிலிருந்து தப்பிப்பது எப்படி? இப்படித்தான் போகும். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து, சத்தம் வரக்கூடாது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பேசுவேன்.

ஒருநாள் அமெரிக்காவிலிருந்து மெயில். மொழிப் பாடங்களை ஆடியோவாக விற்கும் ஒரு கம்பெனி. என் நிகழ்ச்சியைத் தங்கள் பட்டியலில் சேர்க்க ஆசைப்படுகிறார்களாம். ஒரே நிபந்தனை – அந்த நாட்டு வரி அலுவலகம் தொழில் செய்பவர்களுக்குக் கொடுக்கும் எண் ஒன்று எனக்கு இருக்க வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் எண் வராவிட்டால், அந்த இடம் வேறொரு தமிழ் நிகழ்ச்சிக்குப் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் நான் 'மூணாம் கிளாஸ் மிஸ்'. தெருவில் 'ரைட்டர் வூட்டம்மா'. கஸ்தூரி என்ற பெயரில், எனக்கே எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த நிகழ்ச்சி ஒன்றுதான். அதை விட்டுவிட முடியுமா?

விண்ணப்பப் படிவத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்தேன். ஒரே பக்கம். அரைமணி நேரத்தில் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அத்தோடு ஃபேக்ஸ் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஆனால், என் வீட்டுக்காரர் கண்ணில் அது பட்டுவிட்டதே!

என் வீட்டுக்காரர் மாணிக்கம், பத்திர எழுத்தர். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்து, இருபது வருஷமாக ஊர்க்காரர்களின் நிலத்தையும் வீட்டையும் எழுதிக்கொண்டிருப்பவர். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவரை யாரோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி முகம் ஆகிவிட்டது.

"இன்னா கஸ்தூரி, ஒரே பக்கம் கீது? ஒரு பக்கத்த பாத்து எவனாவது நம்பர் குடுப்பானா?"

"அவ்ளோதாங்க கேக்கறாங்க."

"அவன் அப்படித்தான் கேப்பான். கவர்மெண்டுனா எல்லா ஊர்லயும் கவர்மெண்டுதான். பேப்பர் கொறஞ்சா திருப்பி அனுப்பிடுவான். நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்! முதலில் மூன்று பக்கத்துக்கு ஒரு மனு. 'மதிப்புக்குரிய ஐயா' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, நான் யார், யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்த கிராமம், எந்த தாலுகா... எங்கள் வீட்டின் நான்கெல்லையைத்தான் எழுதவில்லை. அதற்குப் பின்னால் பன்னிரண்டு இணைப்புகள். தெரிந்த அரசு டாக்டர் ஒருவரைப் பிடித்து, ஒவ்வொரு நகலிலும் பச்சை மையில் கையெழுத்து, அதன் மேல் வட்ட சீல். மனு முன்னால், இணைப்புகள் பின்னால் என்பதுதானே முறை? அந்த முறைப்படி, அமெரிக்கா கேட்ட படிவம் கட்டின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. இணைப்பு எண் பன்னிரண்டு.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேனே... சீல் குத்திய அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது! நாம் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தானே?

கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருக்கும் ஷபீர் பாய் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், ஃபேக்ஸ், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. எல்லாம் அவரிடம்தான். பாதிப் பக்கங்கள் போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. எனக்கோ மதிய வகுப்பு.

"நீ கெளம்பு டீச்சர். கரண்ட் வந்ததும் மீதிய நான் தள்ளிவுட்றேன்" என்றார் பாய்.

சாயங்காலம் கேட்டேன். "எல்லாம் போயிட்ச்சு" என்றார். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஒருநாள், இரண்டு நாள், ஐந்து நாள்... பதிலே இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பாய் கடை வாசலில் போய் நிற்பேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுவார்.

கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. பாயே ஆள் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அந்த வரி அலுவலகத்திலிருந்து ஒரு பக்கம் ஃபேக்ஸ் வந்திருந்தது. ரொம்ப மரியாதையான ஆங்கிலம். நீங்கள் அனுப்பிய ஆவணங்கள் கிடைத்தன, அவற்றில் விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை – அவ்வளவுதான்.

"படிவம் எங்க பாய்?"

பாய் மேஜை டிராயரை இழுத்தார். என் படிவம் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது.

"டீச்சர்... இது ஒண்ணுலதான் சீல் இல்ல. சரி, ரஃப் காப்பி போலன்னு எடுத்து வெச்சிட்டேன். சீல் கீறதெல்லாம் கரீக்டா அனுப்பிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாயை என்ன சொல்ல? அந்தக் கட்டில் எது முக்கியம் என்று யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் பிரித்திருப்பார்கள். அதனால், பக்கத்தில் நின்றவர் மேல் பாய்ந்தேன்.

"ஒரு பக்கம் கேட்டாங்க. ஒரே ஒரு பக்கம்! உங்க சீலும் நீங்களும்! ரெண்டு வருஷமா பேசினது எல்லாம் போச்சு!"

நடுக்கடையில் அழுகை வந்துவிட்டது. எப்போதும் இரண்டு பேச்சு பதில் பேசுகிற மனிதர், அன்று கையோடு கொண்டுவந்திருந்த அசல் கட்டின் முனைகளைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

பாய்தான் அந்த ஃபேக்ஸை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார். "டீச்சர், அடில இன்னாவோ போன் நம்பர் போட்டுகீதே?"

வெளிநாட்டில் இருப்பவர்கள் போனிலேயே விண்ணப்பிக்கலாமாம். அவர்கள் அலுவலகம் காலையில் திறக்கும்போது நமக்கு மாலை ஐந்து மணி. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால்.

"போன்லயா? போன்ல எவன் நம்பர் குடுப்பான்?" – என் வீட்டுக்காரர்.

"எதுக்கும் ஒரு மிஸ்டு கால் குட்து பாரேன் டீச்சர். அவங்களே கூப்புடுவாங்க" – பாய்.

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. நேரே போன் கூண்டுக்குள் நுழைந்து நம்பரை அழுத்தினேன். அந்தக் கூண்டின் கதவு மூடாது. உள்ளே பேசுவது கடை முழுக்கக் கேட்கும். காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, ஏதோ பியானோ வாசிக்க விட்டுவிட்டார்கள். மீட்டரில் சிவப்பு எண்கள் குதித்து ஓடின. பாய் எழுந்து வந்து, மீட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். "அத்த பாக்காத. பேஜாராயிடும். நீ பேசு."

இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண்குரல். நிதானமான, வயதான குரல். என் ஆங்கிலம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற ஆங்கிலம். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நம் கண்டக்டரோடு பேசக் கற்றுக்கொடுத்தவள், இப்போது அமெரிக்க ஆபீஸரோடு பேசியாக வேண்டும். என்ன சோதனை!

பெயர் கேட்டார். பழக்கம் யாரை விட்டது? "கஸ்தூரி, மாணிக்கத்தின் மனைவி" என்றேன்.

"மாணிக்கம் உங்கள் தொழிலில் பங்குதாரரா?"

"இல்லை."

"உங்களோடு நிகழ்ச்சி நடத்துகிறாரா?"

"இல்லை... அவர் என் கணவர்."

"அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை, மேடம். இந்தத் தொழிலுக்குப் பொறுப்பு யார்?"

கூண்டுக்கு வெளியே அந்த அசல் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பத்திர ஆங்கிலம் படித்துப் பழகியவர், ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும். நான் அவரையே பார்த்தேன். அவர் கட்டைக் கீழே இறக்கினார். ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டி, 'நீ, நீ' என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"நான்தான்" என்றேன். "நான் மட்டும்தான்."

அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை. என்ன தொழில்? ஆடியோ பாடம். எப்போது தொடங்கினீர்கள்? சொன்னேன். வேலையாட்கள் எத்தனை பேர்? யாரும் இல்லை. எங்கள் பின்கோடு ஆறு இலக்கம் என்றதும் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். நானே பொறுமையாக விளக்கினேன் – மூன்றாம் வகுப்பு டீச்சர் அல்லவா! கடைசியில், "எழுதிக்கொள்ளத் தயாரா?" என்றார்.

ஒன்பது இலக்கம். ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். நான் எழுதினேன், பாய் எழுதினார், ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'சரி' என்று தலையாட்டினார்.

"இன்றைக்கே பயன்படுத்தலாம். கடிதம் தபாலில் வரும். உங்கள் நிகழ்ச்சிக்கு வாழ்த்துகள், மேடம்." போனை வைத்துவிட்டார். பேசியது மொத்தம் பதினைந்து நிமிஷம்கூட இருக்காது!

கடையே கைதட்டியது. பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். "சீல் இல்ல, கையெழுத்து இல்ல, குடுத்துட்டாங்களே!" என்று என் வீட்டுக்காரர் மட்டும் ஆறவே மாட்டேன் என்றார். நான் அதே வேகத்தில் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, கம்பெனிக்கு மெயில் தட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தாயிற்று. பட்டியலில் என் நிகழ்ச்சி ஏறிவிட்டது! அதன் பக்கத்தில், வெறும் 'கஸ்தூரி' என்று என் பெயர். அந்த இடத்திலேயே 'ஹே!' என்று கத்திவிட்டேன். பக்கத்து கம்ப்யூட்டரில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பெண், எனக்கும் ரிசல்ட் வந்துவிட்டது என்று நினைத்துக் கைகுலுக்கினாள்.

அமெரிக்காவில் தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் ஆளைச் சுற்றவிடும் படிவம் ஆயிரம் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்... பள்ளியில் சேர்ந்தபோது அப்பா பெயர் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாங்க்கில், கேஸ் கனெக்‌ஷனுக்கு, ஆஸ்பத்திரி சீட்டில் – எல்லா இடத்திலும் கணவர் பெயர் கேட்டார்கள். நான் சம்பாதித்து நான் போடுகிற சேமிப்புக் கணக்குக்கும் அவர் பெயர் வேண்டும். என்னைப் பற்றி என்னிடம் மட்டும் கேட்டுவிட்டு, அது போதும் என்று சொன்ன முதல் அரசாங்க ஆபீஸர், நான் முகம்கூடப் பார்க்காத அந்தப் பெண்மணிதான். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

அந்தக் கடிதம் முந்தாநாள் வந்தது. பள்ளிக்கு லீவு என்பதால், என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் தலை குனிந்து ஏதோ கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். ஊருக்குப் புதியவர்.

"சார், அமெரிக்கா லெட்டர் ஒண்ணு வந்துகீது. தெரு பேரு இல்ல, கஸ்தூரின்னு மட்டும் போட்டுகீறாங்க. ரெண்டு நாளா சுத்திகினு கீறேன், யாருக்கும் தெரியல. நீங்க யாராச்சும்..."

என் வீட்டுக்காரர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி உறையை வாங்கிக்கொண்டார்.

"நான் மாணிக்கம்பா" என்றார். "கஸ்தூரியோட வூட்டுக்காரன்."