சம்பந்தியோடு அரை மலை

நான் மலையேறுகிறவன் என்ற செய்தி, என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதையும் அவள் முதலில் என்னிடம் சொல்லவில்லை. தான் கட்டிக்கொள்ள விரும்பிய பையனின் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் எனக்குத் தகவல் வந்தது.

“உனக்கு ட்ரெக்கிங்னா உயிர்னு சொல்லிட்டேம்ப்பா. அவர் தினம் காலங்கார்த்தால எழுந்து நடக்கறவராம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்க ஏதாவது வேண்டாமா?”

வேண்டியிருந்தது உண்மைதான். நாங்கள் மயிலாப்பூர் மாடவீதியை விட்டு நகராத குடும்பம். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்து நிமிர்ந்தவர்கள். என் மனைவி முதலில் அழுதாள். பையன் ஒருநாள் வந்து அடையும் அவியலும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட பிறகு தேறிவிட்டாள். பையனின் அம்மாவும் சரி என்றுவிட்டார். அப்பா மட்டும் ‘பாப்போம்’ என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அப்பா மனசாரச் சொல்லாமல் கல்யாணம் இல்லை என்பதில் பையன் உறுதியாக இருந்தான். என் மகள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அந்தச் சமயத்தில்தான், ‘வெயிலுக்கு ரெண்டு வீடும் ஏற்காடு போயிட்டு வருவோம், சார் மலை ஏறுறவராமே’ என்று அவரே சொல்லி அனுப்பினார்.

எனக்குத் தெரிந்த உடற்பயிற்சி மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடப்பதுதான். தரையில் சாக்பீஸால் பெரிய எட்டு ஒன்றை வரைந்து அதன் மேலேயே நடக்க வேண்டும். எங்கள் பேட்டையில் ஓய்வுபெற்ற ஆண்களில் பாதிப் பேர் இப்படித்தான் எங்கேயும் போய்ச் சேராமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் எட்டு நடையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வத்தில், பாண்டி பஜாருக்குப் போய் மலையேறும் பூட்ஸ் ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு மாடியில் எட்டுப் போட்டதை மனைவி பார்த்துவிட்டாள்.

“பூட்ஸைப் பாத்தா எல்லையைக் காக்கக் கிளம்பினவர் மாதிரி இருக்கேள். காப்பிப் பொடி வாங்கிண்டு வரச் சொன்னா லிஃப்ட் வேலை செய்யறதான்னு கேக்கறவர்!”

சனிக்கிழமை மதியம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் இறங்கினோம். பையனின் அப்பாவுக்குத் தெரிந்தவர்களுடைய வீடு. சென்னையில் விட்டு வந்த வேர்வை அங்கே ஒரு பொய்யாகத் தோன்றியது. பையனின் அம்மா அன்று தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தார். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இரண்டாம் முறை கேட்க வெட்கப்பட்டு, மூன்றாம் முறையும் கேட்டேன். “எங்க பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் இதுதான் விருந்து” என்று அவர் சொன்னதும் மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும் அவர் கணவரையே பார்த்தோம்.

“இன்னும் கொஞ்சம் சோறு வையி” என்றார் அவர்.

மறுநாள் காலை மலை. தோட்டத்துக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் ஏறிப்போனால் உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. புளியோதரை, தயிர்சாதம், மாவடு ஒரு பையில். முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் இன்னொன்றில். நடந்து பழகியவர்கள் தூக்கட்டும் என்று பைகளை எங்கள் இருவர் தோளிலும் மாட்டிவிட்டுப் பெண்களும் பையனும் முன்னால் போனார்கள். செருப்புக் காலோடு போன என் மனைவி, சீக்கிரமே கண்ணுக்கு மறைந்தாள்.

எட்டுக்கு ஏற்றம் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனால் பெண்ணைப் பெற்றவன் எப்படி முதலில் உட்காருவது? சம்பந்தி உட்கார்ந்த பிறகு உட்காருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவரோ, கூட்டிவந்தவர் என்ற முறையில், விருந்தாளியான நான் உட்காராமல் உட்காருவதாக இல்லை. “நீங்க முன்னாடி போங்க சார்” என்பார். “இல்லை, நீங்க போங்கோ” என்பேன். இப்படியே மரியாதை எங்களை மேலே தள்ளிக்கொண்டு போயிற்று.

நிற்பதற்குச் சாக்கு வேண்டுமே. ஒரு மரத்தடியில் நின்று அதன் பட்டையை ஆராய்ந்தேன். அடுத்த மரத்தை அவர் ஆராய்ந்தார். அப்புறம் மரத்துக்கு மரம் ஆராய்ச்சி. “இது காப்பிச் செடிதானே?” என்று நான் கேட்டபோது, அதே செடியைப் பற்றி அவர் என்னிடம் இரண்டு முறை கேட்டு முடித்திருந்தார்.

ஒரு திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார்.

“சார், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. மேல உங்களுக்கு அப்படி என்ன சோலி?”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். பொய் சொல்லவும் மூச்சு வேண்டியிருக்கிறது.

“ஒரு சோலியும் இல்லை. நான் மொட்டைமாடியில எட்டுப் போடறவன். மலையேறறவன்னு என் பொண்ணு சொன்னது பொய்.”

அவர் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பொய்க்காரி என்று அவளைப் பெற்ற நானே சாட்சி சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

அவர் தொப்பென்று ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

“நான் வெள்ளன எந்திரிக்கிறது நெசந்தான். எந்திரிச்சு கார்ல கடைக்குப் போவேன். கல்லாவுக்கும் சாமி படத்துக்கும் நடுவுல நடக்கிறதுதான் என் நடை. எம் பய உங்க வீட்டுல அளந்து விட்டிருக்கான்.”

இருவருக்கும் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பையைத் திறந்து, மூடியில் புளியோதரையைப் போட்டு நீட்டினேன். அவர் அதை வாங்கி என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு, தனக்கு வேறு எடுத்துக்கொண்டார். மாவடுவைக் கடித்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“உங்க வீடு பாட்டு, படிப்புன்னு இருக்கிற வீடு. நான் துணி கிழிச்சுக் குடுக்கிறவன். உங்க கூட உக்காந்து என்னத்தப் பேசுவேன்னு பயம் சார். அதான் பாப்போம், பாப்போம்னுட்டே இருந்தேன்.”

அவருடைய ‘பாப்போம்’ஐ இறுமாப்பு என்று நினைத்து எங்கள் வீட்டில் எத்தனை இரவு புலம்பியிருக்கிறோம்! எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல், தயிர்சாதத்தை எடுத்து வைத்தேன். பேசிக்கொண்டே சாப்பிட்டோம். அவர் பையன் சின்ன வயதில் செய்த விஷமங்களில் ஆரம்பித்து, என் மூட்டுவலி, அவர் சர்க்கரை என்று எங்கெங்கோ போனது பேச்சு.

உச்சியில் சாப்பாட்டுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு மற்றவர்கள் இறங்கி வந்தபோது, பைகளில் கருப்பட்டி மிட்டாய் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“ஆறு பேருக்குன்னா கட்டிண்டு வந்தேன்!” என்று என் மனைவி தலையில் கைவைத்தாள். பையனின் அம்மா தன் கணவரை முறைத்தார். என் மகள் காலி டப்பாக்களைப் பார்க்கவேயில்லை. பையனின் அப்பா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தூக்கிவிடச் சொல்லி அவர் அவளிடம் கையை நீட்டினார். அவள் இழுக்க, முனகிக்கொண்டே எழுந்தார்.

“கல்யாண மண்டபம் பாக்கும்போது மாடியில மட்டும் பாக்காதீங்கம்மா. எங்க ரெண்டு பேராலயும் ஏற முடியாது.”

என் மகள் அந்தக் கையை விடாமலே அழ ஆரம்பித்தாள். நானும்தான்.